பராகுவே முதல் கல்வராயன் மலை வரை: மரவள்ளியைக் காப்பாற்ற வந்த குட்டிக் குளவி

ஜவ்வரிசிப் பாயசம் குடிக்கும்போது கல்வராயன் மலை யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் அந்த வெள்ளை மணிகளுக்கு மாவு கொடுக்கிற மரவள்ளியில் ஒரு பங்கு அந்த மலையிலிருந்தும், அதன் அடிவாரத்தில் சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கத்துக் காடுகளிலிருந்தும்தான் போகிறது. உள்ளூரில் குச்சிக்கிழங்கு என்பார்கள். லாரி சேகோ ஆலைக்குள் நுழைந்ததும் நடக்கிற முதல் வேலை, கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்ப்பது. அதற்கு 'பாயிண்ட்' என்று பெயர். 28 பாயிண்ட் காட்டினால் ஒரு விலை, 24 காட்டினால் வேற விலை. எட்டு முதல் பத்து மாசம் காத்திருந்த ஒரு குடும்பத்தின் வருமானம் அந்த நிமிஷத்தில் முடிவாகிவிடும்.

2020-க்குப் பிறகு அந்த பாயிண்ட்டைக் கீழே இழுக்க ஒரு புது ஆள் வந்தது. நாடே ஊரடங்கில் முடங்கிக் கிடந்த அந்த ஏப்ரலில், கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளிச் செடிகளின் நுனியில் ஒரு மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் அதுவரை பதிவே ஆகாத இனம். சீக்கிரமே சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி என்று தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது.

இதற்கான விடை எந்தப் பெரிய மருந்து கம்பெனியிடமிருந்தும் வரவில்லை. பராகுவேயில் கண்டெடுத்து, நைஜீரியாவிலும் பெனினிலும் பெருகி, தாய்லாந்தில் பேர் வாங்கி, பெங்களூரு வழியாக நம்ம ஏத்தாப்பூரில் வந்து இறங்கிய ஒரு குளவியிடமிருந்து வந்தது. அதன் நீளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான்.

யார் இந்த மாவுப்பூச்சி?

அறிவியல் பெயர் பீனகாக்கஸ் மானிஹாட்டி. இளஞ்சிவப்பு உடம்பு, மேலே வெள்ளை மாவு மாதிரி மெழுகு. ஆண் பூச்சியே தேவையில்லை, பெண் தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். ஒரே ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு வந்தாலும் ஒரு ஊரை நிரப்பப் போதும் என்பது இதனால்தான்.

செடியின் கொழுந்தில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும். இலைகள் சுருண்டு நுனியில் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். கணுக்களுக்கு நடுவே இடைவெளி குறைந்து தண்டு முறுக்கிக்கொள்ளும். இலை வளரவில்லை என்றால் கிழங்கில் மாவு சேராது. நஷ்டம் அதோடு நிற்பதில்லை. மரவள்ளிக்கு விதை என்பது தண்டுதான். முறுக்கிப்போன தண்டிலிருந்து அடுத்த பட்டத்துக்கு நல்ல விதைக்கரணை கிடைக்காது. நல்லதாகத் தெரிகிற கரணையிலும் பூச்சி ஒளிந்திருக்கலாம். முள்ளுவாடி, குங்குமரோஸ், தாய்லாந்து ஒயிட் என்று ரகம் எதுவானாலும், விவசாயிகள் கரணையை ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் வாங்கித்தான் நடுகிறார்கள். பூச்சிக்கு அதுவே டிக்கெட் இல்லாத பயணம்.

மருந்து அடிச்சா போகாதா?

கொஞ்சம் போகும், மறுபடி வரும். மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. சுருண்ட இலைக்குள் இருக்கிற பூச்சி மேல் தெளிப்பு படவே படாது. மரவள்ளி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் உள்ளே புகுந்து அடிப்பதே பெரிய பாடு. மலையில் மானாவாரியாக நட்டிருப்பவர் தெளிப்பானுக்குத் தண்ணீரையே சுமந்துகொண்டு போக வேண்டும். இதெல்லாம் போக, அடிக்கிற மருந்து பூச்சியைச் சாப்பிடுகிற பொறிவண்டு, சிலந்தி, குளவி எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். எதிரி செத்த வயலில் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம்.

தமிழ்நாடு இதே மாதிரி ஒரு படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் அது விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வெளியில் விட்ட பிறகே அது அடங்கியது. அப்போ அதே குளவிகளை இங்கேயும் விட வேண்டியதுதானே? முடியாது. இந்தக் குளவிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பூட்டுக்கு மட்டும் பொருந்துகிற சாவி மாதிரி. பப்பாளிப் பூச்சியின் எதிரிக்கு மரவள்ளிப் பூச்சி இரையே இல்லை.

நல்லவேளை, இந்தப் பூட்டின் சாவியை வேறு ஒரு கண்டம் 40 வருஷத்துக்கு முன்னாடியே தேடி எடுத்து வைத்திருந்தது.

ஆப்பிரிக்கா பட்ட பாடு

மரவள்ளியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. போர்ச்சுகீசியர்கள் வழியாக அது ஆப்பிரிக்காவுக்கும் கேரளத்துக்கும் வந்தது. செடி மட்டும் வந்தது, அதன் பூச்சிகள் வரவில்லை. பல நூற்றாண்டு நிம்மதி. 1970-களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் யாரோ எடுத்துவந்த செடித் தண்டோடு இந்த மாவுப்பூச்சியும் வந்து சேர்ந்தது என்று கருதப்படுகிறது. நமக்கு மரவள்ளி என்றால் சிப்ஸ், ஜவ்வரிசி. மத்திய, மேற்கு ஆப்பிரிக்காவில் அதுதான் சோறு. இலையும் அங்கே கீரை. சுமார் 20 கோடி மக்கள் நம்பியிருந்த அந்தப் பயிரில் சில இடங்களில் 80 சதவீதம் வரை இழப்பு. பஞ்சம் வாசலுக்கே வந்துவிட்டது.

1979-ல் நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற இளம் சுவிஸ் விஞ்ஞானி வேலைக்குச் சேர்ந்தார். அவர் பிடித்துக்கொண்ட கேள்வி எளிமையானது: இந்தப் பூச்சி எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊரில் மட்டும் ஏன் யாரும் இதைப் பற்றிப் புலம்பவில்லை? அங்கே இதைத் தின்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

கேள்வி எளிது, தேடுவது அப்படியில்லை. பிரச்சினை இல்லாத இடத்தைத் தேடுவதால், அங்கே பூச்சியே கண்ணில் படாது. வடக்குத் தென் அமெரிக்காவில் அச்சு அசலாக இதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் எதிரிகளைப் பிடித்துப் பார்த்தால் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் அவை வேலை செய்யவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அது வேறு இனம், அதில் ஆண் பூச்சிகளும் உண்டு என்று. அந்த இனத்துக்கு பின்னாளில் ஹெரனின் பெயரையே வைத்துவிட்டார்கள். தவறான ஆளைப் பிடித்ததற்குக் கிடைத்த கௌரவம்!

சரியான பூச்சியை 1981-ல் கண்டுபிடித்தவர் டோனி பெல்லோட்டி. கொலம்பியாவில் இருந்த சகோதர ஆய்வு நிறுவனத்தின் பூச்சியியலாளர். இடம், பராகுவே. அங்கே மாவுப்பூச்சி குறைவாகத்தான் இருந்தது. கூடவே அதற்குள் முட்டை வைக்கிற குளவியும் இருந்தது. இப்போது அதன் பெயர் அனகைரஸ் லோபேசி. லண்டனில் தனிமைப்படுத்திச் சோதித்துவிட்டு இபாதானுக்குக் கொண்டுவந்தார்கள். 1981 நவம்பரில் முதல் குளவிகள் வயலில் விடப்பட்டன.

குளவி செய்கிற வேலை கொஞ்சம் பயங்கரமானது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கிற புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சியின் உடம்பு உப்பி, இறுகி, பழுப்பாக ஒரு கூடு மாதிரி ஆகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அதை உடைத்துக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். மனிதனைக் கொட்டாது. பயிரைத் தொடாது.

அடுத்த பத்து வருஷத்தில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நாடுகள் பெரும்பாலானவற்றில் குளவி நிலைத்துவிட்டது. விமானத்திலிருந்தும் விட்டார்கள், கையால் கொண்டுபோயும் விட்டார்கள். மீதியை அது தானே பறந்து பார்த்துக்கொண்டது. ரிச்சர்ட் நார்கார்டு என்ற பொருளாதார அறிஞர் 1988-ல் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, செலவான ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பயன் என்று வந்தது. 1995-ல் ஹெரனுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. விவசாயி ஒரு பைசா கொடுக்கவில்லை. பல பேருக்கு இப்படி ஒரு குளவி வந்து போனதே தெரியாது.

தாய்லாந்து கத்துக்கொண்டது

2008-ல் பூச்சி தாய்லாந்துக்குள் நுழைந்தது. உலகத்திலேயே மரவள்ளிப் பொருட்களை அதிகம் ஏற்றுமதி செய்கிற நாடு அது. 2009-ல் சுமார் 3 கோடி டன்னாக இருந்த விளைச்சல், 2010-ல் 2.2 கோடி டன்னுக்கு விழுந்தது. தாய்லாந்து அரசு உதவி கேட்டது பெனினிடம். ஹெரன் காலத்து வேலையைத் தொடர்ந்த அதே நிறுவனத்தின் கிளை அங்கே இருக்கிறது. 2009 செப்டம்பரில் வந்தவை சுமார் 500 குளவிகள். அவற்றைப் பெருக்கி, 2010-ல் நாடு முழுக்க விட ஆரம்பித்தார்கள்.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பக்க விளைவு பின்னால் ஆய்வுகளில் வெளிவந்தது. தாய்லாந்தில் விளைச்சல் விழுந்ததும் மாவு விலை ஏறியது. விலை ஏறியதும் லாவோஸ், கம்போடியா, வியட்நாம் விவசாயிகள் காட்டை அழித்து மரவள்ளி போட்டார்கள். குளவி வந்து விளைச்சல் தேறிய பிறகு அந்த வேகமும் குறைந்தது. ஒரு நாட்டு வயலில் இருக்கிற பூச்சிக்கும் பக்கத்து நாட்டுக் காட்டுக்கும் இப்படி ஒரு முடிச்சு.

ஏத்தாப்பூருக்கு வந்த பார்சல்

இந்தியா சக்கரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கப் போகவில்லை. பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகம் 2021-ல் பெனினிலிருந்து குளவியைத் தருவித்தது. வந்த உடனே திறந்துவிட முடியாது. தனிமைப்படுத்தி, நம்ம ஊர் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இதனால் ஆபத்து இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அதெல்லாம் முடிந்து, 2022 மார்ச்சில் முதல் வெளியீடு நடந்தது. இடம், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நடத்தும் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம்.

மேப்பில் பார்த்தால் இந்த இடத்தின் அருமை புரியும். சேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வரும் வழியில், ஆத்தூருக்கு முன்னாடி இருக்கிறது ஏத்தாப்பூர். சின்னக் கல்வராயன் மலையின் கருமந்துறையும் இதுவும் ஒரே பெத்தநாயக்கன்பாளையம் வட்டம். மலையின் இந்தப் பக்கம் விட்ட குளவிக்கு, மலையைத் தாண்டினால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வெள்ளிமலை. அதற்கு மாவட்ட எல்லை தெரியாது.

அப்போ இது யாருடைய கண்டுபிடிப்பு?

'ஏழை நாடுகள் தாங்களே கண்டுபிடித்த தீர்வு' என்று மொட்டையாகச் சொன்னால் அது மிகை. ஹெரன் சுவிஸ்காரர். பணத்தில் பெரும்பகுதி மேற்கு நாடுகளின் நன்கொடை. சோதனை நடந்தது லண்டனில். இதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் குளவியை வளர்க்கும் முறையை உருவாக்கியதும், எத்தனை விடணும், எந்த மாசம் விடணும், விட்ட பிறகு எப்படிக் கணக்கெடுக்கணும் என்ற கைப்பக்குவத்தைச் சேர்த்ததும் நைஜீரியாவிலும் பெனினிலும். அதைப் பெரிய அளவில் ஒரு வர்த்தகப் பயிருக்கு மாற்றிக் காட்டியது தாய்லாந்து. 2009-லும் 2021-லும் கேட்டபோது அந்தக் குளவியை வயலில் அடையாளம் கண்டு, பிடித்து, உயிரோடு பார்சல் அனுப்பத் தெரிந்த ஆட்கள் பெனினில் இருந்தார்கள். பணக்கார நாடுகளில் மரவள்ளி விளைவதில்லை. அதனால் அதன் பூச்சிக்கு மருந்து கண்டுபிடிக்கச் சந்தையும் அங்கே இல்லை. இந்த மாதிரிப் பயிர்களுக்கு விடை, அதைச் சாப்பிடுகிற ஊர்களுக்கு நடுவேதான் கை மாறும்.

இந்தியாவும் எப்போதும் வாங்குகிற பக்கமே நின்றதில்லை. 1762-லேயே மொரீஷியஸ் தீவில் வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு நாட்டு உயிரினத்தை இன்னொரு நாட்டுப் பூச்சிக்கு எதிராக அனுப்பியதில் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. (மைனா அப்புறம் பல தீவுகளில் தானே தொல்லையாகிவிட்டது. அதனால்தான் இப்போது இவ்வளவு சோதனை.)

சேலத்து ஜவ்வரிசியே இந்தக் கதையின் இன்னொரு அத்தியாயம். உண்மையான சேகோ என்பது தென்கிழக்கு ஆசியாவின் ஒரு வகைப் பனையிலிருந்து வருவது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் வரத்து நின்றது. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், போபட்லால் ஷா ஆகியோர் மரவள்ளி மாவை உருட்டி, வறுத்து அதே மாதிரி மணி செய்து பார்த்தார்கள். குடிசைத் தொழிலாகத் தொடங்கியது பெரிய தொழிலானது. 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவு நிறுவனம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்வராயன் மலை மரவள்ளிக்குச் சந்தை இருப்பதே அந்தப் போர்க்கால ஜுகாட்டால்தான்.

இன்று இதே குளவியைப் பராகுவேயிலிருந்து புதிதாக எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. 2014-ல் அமலுக்கு வந்த நகோயா ஒப்பந்தப்படி, ஒரு நாட்டின் உயிரின வளத்தை எடுக்க அந்த நாட்டின் அனுமதியும், பயனில் பங்கும் வேண்டும். மூலிகையைத் திருடிக் காப்புரிமை வாங்கும் கம்பெனிகளைத் தடுக்க வந்த நியாயமான சட்டம். ஆனால் குளவியை யாரும் விற்பதில்லை, லாபம் என்று பங்கு போட ஒன்றும் இல்லை. காகிதம் நகர்வதற்குள் பூச்சி அடுத்த மாவட்டத்துக்குப் போயிருக்கும் என்பது இந்தத் துறை விஞ்ஞானிகளின் கவலை.

மலையில் இனி என்ன?

கள்ளக்குறிச்சி என்றாலே தலைப்புச் செய்தியில் கெட்ட விஷயம்தான் வரும் என்றாகிவிட்டது. 2024 ஜூன் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைப் பற்றி சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. வாழ்வாதாரம் என்று சொன்னால் அந்த மலையில் முதலில் வரும் சொற்களில் ஒன்று மரவள்ளி. இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அரசின் எந்தத் திட்டமும் அடிவாரத்தில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். ஒரு குளவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ரோடு வேண்டாம், மானியம் வேண்டாம், ஆதார் இணைப்பும் வேண்டாம்.

ஆனால் அதைச் சாகடிக்காமல் இருக்க வேண்டும், அங்கேதான் சிக்கல். பூச்சியைப் பார்த்ததும் கடைக்காரர் கொடுக்கிற மருந்தை அடித்துவிட்டால் முதலில் சாவது குளவி. நடும்போது கரணையை மருந்துக் கரைசலில் நனைப்பது, தொடக்கத்திலேயே பூச்சி பிடித்த நுனியைக் கிள்ளி அழிப்பது, இதெல்லாம் சரி. குளவி விட்ட பிறகு வயல் முழுக்கத் தெளிப்பது கூடாது. எறும்பும் ஒரு எதிரி. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை விரட்டும்.

குளவியால் தீராத பிரச்சினைகளும் இருக்கின்றன. வெள்ளை ஈ பரப்புகிற தேமல் நோயை இது தொடாது. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலப்படம் என்று விவசாயிகள் பல வருஷமாகச் சொல்லிவரும் புகாருக்கும், அறுவடை நேரத்தில் சரிகிற விலைக்கும் இதனிடம் மருந்து இல்லை. பாயிண்ட் நல்லா வந்தும் விலை வராத வருஷங்கள் உண்டு.

உங்க ஊர்க் காட்டில் குளவி வந்துவிட்டதா என்று பார்க்க லேப் வேண்டாம், போன் கேமராவின் ஜூம் போதும். மரவள்ளி நுனியில் வெள்ளையாக அப்பியிருக்கிற கூட்டத்துக்கு நடுவே, உப்பி, பழுப்பாக இறுகிப்போன உடல்கள் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்த நுனியைக் கிள்ளி எரிக்க வேண்டாம், உள்ளே குளவி வளர்கிறது. அந்தக் கூட்டின் ஒரு முனையில் ஊசி குத்தியது மாதிரி வட்டமாக ஓட்டை இருந்தால், அது ஏற்கெனவே வெளியே வந்து பக்கத்துச் செடிக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.